நேராக உட்கார்ந்திருப்பதாக அவர் சொல்வார், ஆனால் சாய்ந்திருப்பார்: பக்கவாதத்துக்குப் பிறகு நடுவுடம்பின் நிலை உணர்வு

பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். கை வந்துவிட்டதா, கால் வந்துவிட்டதா. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற பயிற்சித் தாளிலும் அதுதான் இருக்கும். அம்மாவுக்கு மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு வந்து இடது கையும் காலும் விழுந்தபோது எங்களுக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு தாள்தான்: விரலை நீட்டி மடக்கு, முழங்காலைத் தூக்கு, கணுக்காலை அசை. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள உடம்பைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தால் அவர் மெல்ல இடது பக்கம் சாய்ந்துகொண்டே போனார். பலம் வந்தால் சாய்வு தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். மாதக்கணக்கில் கை காலுக்கே பயிற்சி நடந்தது. காலில் பலமும் வந்தது, படுத்தபடி முழங்காலை நன்றாக நீட்டினார். ஆனால் எழுந்து நிற்கவும் வரவில்லை, பிடிமானம் இல்லாமல் உட்காரவும் வரவில்லை. பக்கவாதத்துக்குப் பின் முதல் மூன்று மாதங்களில்தான் மீட்சி வேகமாக நடக்கும். அந்த மூன்று மாதம் இப்படியே போனது. அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை. இன்னொரு வீட்டில் அந்தக் காலம் வீணாகக் கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நடுவுடம்பின் நிலை உணர்வு, அதாவது தன் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு, போயிருப்பது எப்படித் தெரியும் என்று முதலில் சொல்கிறேன். உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் ஓரளவு நேராகத்தான் இருப்பார். கீழே கிடக்கும் செருப்பைத் தேடி தலையைத் திருப்பினால், அல்லது தலை வழியாகப் போடும் சட்டை முகத்தை மூடும் அந்த ஒரு நொடியில், உடம்பு சரியத் தொடங்கும். பலவீனமான பக்கத் தோள் மற்றதைவிட ஒரு கையகலம் இறங்கியிருக்கும். அந்தப் பக்க இடுப்பு பின்னால் போயிருக்கும், எதிர்ப்பக்கப் பிட்டம் படுக்கையை விட்டு லேசாகத் தூக்கியிருக்கும். இதில் முக்கியமான அடையாளம், அவருக்கு அது தெரியாது என்பதுதான். “சாஞ்சிருக்கம்மா” என்றால் “நேராத்தானே உட்கார்ந்திருக்கேன், ஏன் புடிச்சு இழுக்கற?” என்பார். பலம் மட்டும் குறைந்தவர் விழப்போவதை உணர்ந்து பதறுவார், எதையாவது பிடிக்கக் கை நீட்டுவார். நிலை உணர்வு போனவரிடம் அந்தப் பதற்றம் இருக்காது, நிம்மதியாகச் சாய்வார். கூட இருப்பவருக்குக் கோபம் வரும், பிடிவாதம் பிடிக்கிறார் என்று தோன்றும், ராத்திரி தனியாக உட்கார்ந்து அழுகையும் வரும். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கு உள்ளிருந்து வர வேண்டிய செய்தியே வரவில்லை.

அந்தச் செய்தி வரும் வழியைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும். முதுகு, வயிறு, இடுப்புத் தசைகளுக்குள் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளக்கும் நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. தசைநாண்களிலும் மூட்டுகளிலும் வேறு உணரிகள் உண்டு. இவை அனுப்பும் தகவல் தண்டுவடத்தின் பின்பகுதி வழியாக மேலேறி, மூளைத்தண்டில் பக்கம் மாறி, மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸைத் தொட்டு, மூளையின் பக்கவாட்டு மேல்மடலுக்குப் போகிறது. இந்தப் பாதையில் எங்கே அடைப்போ ரத்தக்கசிவோ வந்தாலும் ‘என் உடம்பு இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது’ என்ற அறிவு மங்கும். இன்னொன்றும் உண்டு. கை விரல்களைப் போல் அல்லாமல், நடுவுடம்பின் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் பக்கவாதத்தில் கை அடியோடு விழுந்தாலும் முதுகுத் தசைகள் ஓரளவு வேலை செய்யும். பரிசோதிப்பவர் “உட்கார வருகிறதே” என்று குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கண்ணும் உள்காதும் சேர்ந்து குறையை மூடி மறைத்துவிடும். கண்ணை மூடச் சொன்னால்தான் குறை வெளியே வரும். பக்கவாதம் வந்து நெடுநாள் ஆனவர்களை வைத்துச் செய்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. ஒரு நிலைக்கு உடம்பைக் கொண்டுபோய்த் திரும்ப அதே நிலைக்கு வரச் சொன்னபோது, அவர்களின் பிழை மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. பிழை அதிகமானவர்களுக்குச் சமநிலை மதிப்பெண்ணும் குறைவாக இருந்தது. ஆகவே இது நடக்க ஆரம்பித்ததும் தானாக மறைந்துவிடுகிற சின்ன விஷயம் இல்லை.

வீட்டில் பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு பேர் இருந்தால்தான் செய்ய வேண்டும், தனியாக வேண்டாம். படுத்திருந்தவரை எழுப்பியதும் ஆரம்பிக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம். சில நிமிடம் உட்கார்ந்து பழகட்டும். உறுதியான இருக்கை, முதுகுச் சாய்வு இல்லை, தொடை முழுதும் இருக்கையில், பாதம் முழுதும் தரையில், முழங்கால் செங்கோணத்தில், இரு கையும் தொடை மேல். ஒருவர் பலவீனமான பக்கம் ஒட்டி உட்கார வேண்டும், தொடாமல், ஆனால் பிடிக்கத் தயாராக. இன்னொருவர் எதிரே. கண் திறந்தபடி பத்து நொடி, பிறகு கண் மூடிப் பத்து நொடி. எந்தப் பக்கம் போகிறார், எத்தனையாவது நொடியில் போகிறார், கேட்டால் என்ன சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கண் மூடியபடியே அவர் தோளைப் பிடித்து முன்னால் ஏறத்தாழ 30 பாகை குனிய வைத்து, ஐந்து நொடி நிறுத்தி, “இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க” என்று சொல்லி, திரும்ப நிமிர்த்துங்கள். இப்போது அவரே அதே இடத்துக்குப் போகட்டும். கோணம் காட்டும் ஆப் உள்ள போனை மார்பெலும்பின் மேல் தட்டையாகப் பிடித்தால் வித்தியாசம் எண்ணாகவே தெரியும். நான்கைந்து முறை செய்து பாருங்கள், ஒரு முறை சரியாக வந்தால் அது தற்செயலாக இருக்கலாம். இதே மாதிரி பக்கவாட்டிலும் பார்க்கலாம்.

இதை எழுதி எடுத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் போய், நடுவுடம்புக்கான மதிப்பீடு செய்து தரும்படி கேளுங்கள். அதற்கென்றே 23 மதிப்பெண் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. அசையாமல் உட்காருவதற்கு 7, அசைந்தபடி சமாளிப்பதற்கு 10, தோளையும் இடுப்பையும் தனித்தனியாகத் திருப்பும் ஒத்திசைவுக்கு 6. முதல் படியே பத்து நொடி பிடிமானமில்லாமல் உட்காருவதுதான். அது முடியாவிட்டால் மொத்த மதிப்பெண்ணும் பூஜ்யம். எண் கையில் இருந்தால் அடுத்த மாதம் முன்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். “பரவாயில்லை, தேறிவருகிறார்” என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

சாய்வதிலேயே இன்னொரு வகை இருக்கிறது, அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிலர் வெறுமனே சரிய மாட்டார்கள். நல்ல கையாலும் நல்ல காலாலும் படுக்கையை அழுத்தி, பலவீனமான பக்கத்தை நோக்கித் தங்களைத் தாங்களே தள்ளுவார்கள். நீங்கள் நேராக்கப் போனால் பலமாக எதிர்ப்பார்கள், நேராக்கினால் விழுந்துவிடுவோம் என்று பயப்படுவார்கள். இவர்களுக்குத் தங்கள் உடம்பு நேராக இருப்பதாகத் தோன்றும் நிலையே மூளை பாதித்த பக்கமாக, அதாவது நல்ல கை கால் உள்ள பக்கமாக, சுமார் 18 பாகை சாய்ந்திருக்கும் என்று 2000-ம் ஆண்டு வெளியான ஆய்வில் கண்டார்கள். அப்படியிருந்தும் கண்ணால் பார்க்கும் கதவு நிலையோ தூணோ நேராக இருக்கிறதா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். அதுதான் நமக்குக் கிடைத்த பிடி. கையால் தள்ளி நேராக்காமல், எதிரே உள்ள கதவு நிலையைக் காட்டி “அந்தச் சட்டம் நேரா இருக்கா? உங்க உடம்பு அதோட ஒட்டி வருதா?” என்று கேட்டு, அவராகவே தன் சாய்வைக் கண்டுபிடிக்க வைக்க வேண்டும். நல்ல பக்கத்தில் ஒரு சுவரை வைத்து “வலது தோளால சுவரைத் தொடுங்க” என்றால் எதிர்ப்பில்லாமல் வருவார்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தள்ளல் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும்.

இருக்கை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். சோபா, தடித்த நுரை மெத்தை, நடுவில் தொய்ந்த துணி இருக்கை உள்ள சக்கர நாற்காலி மூன்றும் இவர்களுக்குக் கெடுதல். பிட்டத்துக்கு அடியில் இரண்டு பக்கமும் முட்டுகிற எலும்புகள் இருக்கின்றனவே, அவை கெட்டியான பரப்பில் அழுந்தும்போதுதான் எந்தப் பக்கம் பாரம் அதிகம் என்ற செய்தி மூளைக்குப் போகும். மெத்தையில் புதைந்தால் அந்தச் செய்தியும் கலங்கிவிடும். சக்கர நாற்காலியில் ஒரு பலகையும் அதன் மேல் மெல்லிய கெட்டி நுரையும் போடுங்கள். தோலில் உணர்வு குறைந்திருப்பதால் வெறும் பலகை வேண்டாம், புண் வரும். இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். பாதம் தொங்கினால் அடியில் பலகை வையுங்கள். பலவீனமான கையை முன்னால் மேசை மேல் முழங்கையோடு சேர்த்து வையுங்கள். அது தொங்கினால் தன் பாரத்தாலேயே உடம்பை இழுக்கும், தோள் மூட்டும் நழுவும். பக்கத்தில் தலையணை திணிப்பதை எல்லா வீட்டிலும் செய்கிறார்கள். ஓய்வு நேரத்துக்கு அது சரி. பயிற்சி நேரத்தில் அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு தலையணை இருக்கும் வரை சாய்ந்து அங்கே குடியேறிவிடும்.

“நிமிர்ந்து உட்காருங்க” என்ற சொல்லை எத்தனை முறை சொன்னாலும் பலன் கிடையாது. நிமிர்ந்திருப்பதாக நினைக்கிறவருக்கு அந்தக் கட்டளையில் செய்ய ஒன்றுமே இல்லை. வெளியே ஓர் இலக்கைக் கொடுத்தால் வேலை நடக்கும். “என் கையை உங்க தோளால தொடுங்க”, “வலது பிட்டத்துல பாரத்தைப் போடுங்க”, “கண்ணாடியில சட்டைப் பொத்தான் வரிசை இந்த டேப் மேல விழற மாதிரி வாங்க.” ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. சொல்லிவிட்டுக் காத்திருங்கள். தகவல் மெதுவாகப் போகிற மூளைக்கு நம் அவசரம் தொந்தரவுதான்.

இனி பயிற்சி. இதை அந்த மூன்று மாதத்திலேயே யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: முதலில் அவர் ஊகிக்க வேண்டும், பிறகு சரிபார்க்க வேண்டும். கண்ணை மூடி “இப்ப நேரா இருக்கேனா, இடது பக்கம் போயிருக்கேனா” என்று வாய்விட்டுச் சொல்லட்டும். பிறகு கண் திறந்து கண்ணாடியில் பார்க்கட்டும். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துப் பார்த்துத்தான் மூளை கற்கிறது. கண்ணாடியைப் பார்த்தபடியே அரை மணி நேரம் உட்கார்ந்தால் கண் எல்லாவற்றையும் செய்துவிடும், நிலை உணர்வுக்கு வேலை இருக்காது. முழு உயரக் கண்ணாடியின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வண்ண டேப் ஒட்டுங்கள், பொத்தான் வரிசை உள்ள சட்டை போடுங்கள், இரண்டும் ஒன்றாக வர வேண்டும். பக்கவாதம் வந்த பக்கத்தையே கவனிக்காத பிரச்சினையும் கூட இருந்தால் கண்ணாடி சிலரைக் குழப்பும். அவர்களுக்குச் சுவரும் கதவு நிலையும் போதும்.

முதல் அசைவு இடுப்பு எலும்பை முன்னும் பின்னும் உருட்டுவது. வயிற்றை முன்னால் கொண்டுவந்து முதுகை நிமிர்த்துவது, பிறகு தளர்த்திக் கூன் போடுவது. தோளை ஆட்டாமல் இடுப்பு மட்டும் அசைகிறதா என்று பின்னாலிருந்து கை வைத்துப் பாருங்கள், பலரும் தோளைத்தான் ஆட்டுவார்கள். அடுத்தது பாரத்தை ஒரு பிட்டத்திலிருந்து மற்றதுக்கு மாற்றுவது. பலவீனமான பக்கம் போகும்போது அந்தப் பக்க விலா நீள வேண்டும், மடங்கிச் சுருங்கக் கூடாது. சுருங்கினால் அது சரிவுதான், பயிற்சி இல்லை. மூன்றாவது எட்டுதல். கை நீளத்துக்குள் இருப்பதை எடுத்தால் தோள்தான் வேலை செய்யும், அதைவிட ஒரு சாண் தள்ளி வைத்தால்தான் உடம்பு முன்னால் வர வேண்டியிருக்கும், பாதம் தரையை அழுத்த வேண்டியிருக்கும். டம்ளரை முன்னால், நல்ல பக்கம், பலவீனமான பக்கம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். தோளைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது நான்காவது. இவை எல்லாம் கெட்டியான இருக்கையில் கண் மூடியும் ஓரளவு நிலைத்த பிறகுதான் காற்றுத் திண்டு, பெரிய பந்து எல்லாம். முதல் வாரத்திலேயே பந்தின் மேல் உட்கார வைத்தால் பயத்தில் உடம்பு விறைக்கும், விறைத்த உடம்பு எதையும் உணராது.

அளவு என்று கேட்டால், நடுவுடம்புப் பயிற்சியால் பலன் கண்ட ஆய்வு ஒன்றில் வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக அரை மணி நேரம், வாரம் நான்கு நாள், ஐந்து வாரம் கொடுத்தார்கள். வீட்டில் அரை மணியை ஒரே மூச்சில் செய்ய வேண்டாம், பத்துப் பத்து நிமிடமாகப் பிரியுங்கள். களைத்த உடம்பு தப்பான இடத்தையே நேர் என்று பழகிக்கொள்ளும்.

எழுந்து நிற்கிற கட்டம் வந்ததும் இரண்டு எடைக்கருவிகளை, ஒரே உயரத்தில் இருப்பவையாகப் பார்த்து, வழுக்காத விரிப்பின் மேல் ஒவ்வொரு பாதத்துக்கு அடியிலும் வைத்துப் பாருங்கள். அறுபது கிலோ இருப்பவர் சரியாக நின்றால் ஒவ்வொன்றிலும் முப்பது காட்ட வேண்டும். பலவீனமான பக்கம் பத்துப் பதினைந்தைத் தாண்டாவிட்டால், கால் பலம் குறைவு என்று முடிவு கட்டும் முன் உடம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இங்கேயும் முதலில் அவர் ஊகித்து எண் சொல்லட்டும், பிறகு முள்ளைப் பார்க்கட்டும்.

பணம் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைக்கு மின்தூண்டல் கருவி வாடகைக்கு, உட்காரவே வராதவருக்கு நான்கு கால் ஊன்றுகோல், நிமிர்த்தும் என்று சொல்லி விற்கப்பட்ட இடுப்பு பெல்ட். பெல்ட் கட்டியிருக்கும்வரை பிடித்துக்கொண்டது, கழற்றியதும் பழைய சாய்வே. உண்மையில் உதவியவை கண்ணாடி, டேப், பலகை, பாதப்பலகை, எடைக்கருவிகள். எந்தக் கருவி வாங்கச் சொன்னாலும், இவர் கண் மூடிப் பத்து நொடி உட்காருவாரா என்று பார்த்த பிறகுதான் பரிந்துரைக்கிறார்களா என்று கேளுங்கள்.

குளியலறையில் விழும் அபாயம் அதிகம். தலையில் தண்ணீர் விழுந்ததும் கண் தானாக மூடும், கண் மூடியதும் உடம்பு சரியும், தரையோ ஈரம். முதுகும் இருபக்கக் கைப்பிடியும் உள்ள நாற்காலியில் உட்கார வைத்து, தலைக்கு ஊற்றும் நேரத்தில் ஒருவர் இடுப்பைப் பிடித்திருக்க வேண்டும். முகம் கழுவுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கலாம். தலை வழியாகப் போடும் உடை வேண்டாம், முன்பக்கம் திறக்கிற சட்டை போதும். இரவில் விளக்கை முழுதாக அணைக்காதீர்கள், கழிப்பறை வரை வெளிச்சம் இருக்கட்டும். சாப்பிடும்போது நடுவுடம்பு சரிந்து கழுத்து கோணினால் புரையேறும், அதனால் உணவுக்கு முன் ஒரு முறை நிலையைச் சரிபார்த்துவிட்டுத்தான் முதல் வாய்.

தூக்கும்போது அக்குளில் கைவிட்டோ பலவீனமான கையைப் பிடித்தோ இழுக்கவே கூடாது. தோள் மூட்டு நழுவினால் அந்த வலி மற்ற எல்லாப் பயிற்சியையும் நிறுத்திவிடும். இடுப்பில் அகலமான பட்டை கட்டி அதைப் பிடியுங்கள். தாங்குவதும் இடுப்பில்தான். உங்கள் முதுகையும் நினைத்துக்கொள்ளுங்கள், தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர் படுத்துவிட்டால் வீட்டில் இரண்டு நோயாளி.

முன்னேற்றம் ஒரே சீராக வராது. காலையில் நேராக இருப்பவர் மாலையில் சாய்வார், தூக்கம் கெட்டாலோ காய்ச்சல் வந்தாலோ பழைய சாய்வு திரும்பும், ஓய்வுக்குப் பின் போய்விடும். குளியல், வெளியே போவது போன்ற கஷ்டமான வேலைகளைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாகத் தொடங்கினாலும் பலன் உண்டு: அம்மா இப்போது கண் மூடி உட்காருகிறார், சாய்ந்தால் “இடது பக்கம் போறேன்” என்று அவரே சொல்லித் திருத்திக்கொள்கிறார், ஆனால் சட்டை மாட்டும்போது இன்னும் ஒரு கை பக்கத்தில் வேண்டும். ஒன்றை மட்டும் களைப்போடு சேர்த்துக் குழப்பாதீர்கள். நன்றாக உட்கார்ந்தவர் திடீரென்று ஒரு பக்கம் சரிந்தாலோ, கூடவே பேச்சுக் குழறினாலோ, முகம் கோணினாலோ, புதிதாகத் தலை சுற்றி வாந்தி வந்தாலோ அது இன்னொரு பக்கவாதமாக இருக்கலாம். நேரத்தைக் குறித்துக்கொண்டு, படுக்க வைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.